ஃபைமோசிஸ்: “முன்தோல் குறுக்கம்” சரியான தமிழ் இல்ல

ரெண்டு வயசுப் பையனைக் காய்ச்சலுக்குக் காட்டப் போன இடத்துல டாக்டர் பார்த்துட்டு சும்மா ஃபைமோசிஸ்னு, அதாவது ஆண்குறி நுனியை மூடியிருக்கற தோல் பின்னாடி தள்ள வரலன்னு, எழுதிருப்பார், வீட்டுக்கு வந்து போன்ல தமிழ்ல தேடுவாங்க, “முன்தோல் குறுக்கம்”னு வரும், அவ்வளவுதான், பிள்ளைக்கு என்னமோ குறுகிப் போச்சு, நாளைக்குக் கல்யாணம் காட்சின்னு வந்தா என்ன ஆகும்னு அந்த ராத்திரியே தூக்கம் போயிடும். பத்திரிகை கேள்வி பதில்ல இந்தச் சொல், யூடியூப் வீடியோல இந்தச் சொல், ஆஸ்பத்திரி கொடுக்கற நோட்டீஸ்லயும் இதேதான். இதைக் கேட்டுக் கேட்டு பொறுமை போயிடுச்சு, அதனாலதான் எழுதறேன்.

மூலம் கிரேக்கம். ஃபிமோஸ்னா மாட்டு வாயில கட்டற வாய்ப்பூட்டு, சில ஊர்ல வாய்க்கூடைன்னு சொல்லுவாங்க. அதுலேர்ந்து வந்தது ஃபிமோசிஸ், வாயைக் கட்டறது. முதல் நூற்றாண்டு ரோம்ல செல்சஸ் மருத்துவம் பத்தி எழுதும்போதே, மொட்டு (ஆண்குறியோட தலைப்பகுதி) மூடிக்கிட்டு வெளிய வராம இருந்தா அந்தக் குறைக்கு கிரேக்கர்கள் வெச்ச பேர் இதுன்னு சொல்றார். அதாவது பொருள் ரொம்பத் தெளிவு: நுனி கட்டினாப்ல இருக்கு, பின்னாடி தள்ள வரல. பழைய ஆயுர்வேத நூலான சுஸ்ருத சம்ஹிதைல வர்ற பேர் நிருத்தப்பிரகசம், நிருத்தம்னா தடைபட்டது. அங்கயும் குறுகினதுங்கற பேச்சே இல்ல.

இதுல ஒரு விசேஷம் இருக்கு. இதே கிரேக்க வினைச்சொல் புதிய ஏற்பாட்டுல தீமோத்தேயுவுக்கு எழுதின நிருபத்துல வருது, தமிழ் வேதாகமத்துல அதை “போரடிக்கிற மாட்டை வாய்கட்டாயாக”ன்னு போட்டிருக்காங்க. வாய்கட்டு, எவ்வளவு நேரா வந்திருக்கு பாருங்க. அந்தக் காலத்துல மொழிபெயர்த்தவங்களுக்கு களத்துல மாடு எப்படி நிக்கும்னு தெரியும், சொல்லும் தானா வந்துச்சு.

இப்ப குறுக்கத்துக்கு வருவோம். தமிழ் இலக்கணம் கொஞ்சம் படிச்சவங்களுக்கே தெரியும், ஐகாரக்குறுக்கம், ஔகாரக்குறுக்கம், மகரக்குறுக்கம், ஆய்தக்குறுக்கம், நாலுலயும் நடக்கறது ஒண்ணுதான், தனக்கு உரிய மாத்திரை அளவுலேர்ந்து குறையறது. முன்னாடி ஒரு அளவு இருந்துச்சு, இப்ப அது குறைஞ்சிடுச்சு, அதுதான் குறுக்கம். சின்னப் பையனுக்கு முன்னாடி அகலமா இருந்து இப்ப குறைஞ்சதுன்னு எதுவுமே இல்லையே. பிறக்கும்போதே அந்தத் தோலோட உள்பக்கமும் மொட்டும் ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கும், கருவுல அப்படித்தான் உருவாகுது, அப்பறம் வருஷக்கணக்குல மெதுவா தானா பிரியுது. நீளத்தை எடுத்தாலும் குறுக்கம்னு சொல்ல வழியில்ல, இந்தப் பசங்க பல பேருக்கு நுனில தோல் நீட்டிக்கிட்டுத்தான் இருக்கும், அதனாலதான் ஊர்ல பாதி பேர் “தோல் வளர்ந்திருக்கு”ன்னு சொல்றாங்க. ஒருத்தர் வளர்ந்திருக்குங்கறார், இன்னொருத்தர் குறுகியிருக்குங்கறார், பெத்தவங்க எதை நம்புவாங்க?

“வாய் குறுகலா இருக்கறதைத்தானே குறுக்கம்னு சொல்றோம்”னு சிலர் வாதம் பண்ணுவாங்க. குறுகலா இருக்கறது வேற, குறுகிப் போறது வேற. குறுக்கம்னு சொன்னா கேக்கறவங்க காதுல நோயாத்தான் விழுது, என்னமோ நடந்து கெட்டுப் போச்சுன்னு. அப்படி விழுந்ததும் அடுத்து என்ன பண்றாங்க, சரி பண்ணப் பார்க்கறாங்க. ஏற்கனவே நம்ம வீடுகள்ல எண்ணெய் தேய்ச்சு குளிப்பாட்டும்போது தினம் கொஞ்சம் தோலைப் பின்னாடி தள்ளி விடற பழக்கம் உண்டு, அதுக்கு மேல இந்தச் சொல்லும் சேர்ந்தா இழுப்பு பலமாகும். நுனில மெலிசா கிழியும், பிள்ளை மூத்திரம் போக அழும், ரெண்டு சொட்டு ரத்தம் இருக்கும், கிழிஞ்ச இடம் ஆறும்போது தழும்பாகி இறுகும். இல்லாத நோய் அப்பத்தான் நிஜமாவே வருது. ஒரு தப்பான சொல்லுக்கு இவ்வளவு வேலை இருக்குங்கறதாலதான் இதை விட மாட்டேங்கறேன்.

கணக்கையும் பாருங்க. 1949ல இங்கிலாந்துல கெய்ர்ட்னர்ங்கற குழந்தை மருத்துவர் எழுதின கட்டுரைல, பிறந்த குழந்தைகள்ல தோல் முழுசாப் பின்னாடி போனது 4 சதவீதம்தான். 1968ல டென்மார்க்ல யாகொப் ஊஸ்டர் பள்ளிக்கூடப் பசங்களைப் பார்த்து எழுதினது இன்னும் முக்கியம், 6–7 வயசுல 100க்கு 63 பேருக்கு தோல் மொட்டோட எங்கயாவது ஒட்டியிருந்துச்சு, 16–17 வயசுல அது 3 ஆயிடுச்சு. நுனி இறுக்கமா இருந்தவங்க 8 சதவீதத்துலேர்ந்து 1 சதவீதம். அப்ப பிறக்கற பசங்க கிட்டத்தட்ட எல்லாருக்கும் “குறுக்கம்”னு சொல்லணுமா? எல்லாருக்கும் இருக்கறதை நோய்ப் பேர் வெச்சுக் கூப்பிடறது எந்த ஊர் நியாயம்?

அதனால ஒரே சொல்லை வெச்சு ஓட்ட முடியாது, ரெண்டு வேணும். ஒட்டிக்கிட்டு இருக்கற இயல்பான நிலைக்கு “பிரியாத நுனித்தோல்”. தழும்பு விழுந்து வர்ற நோய்க்கு “நுனித்தோல் இறுக்கம்”. முன்தோலை விட்டுட்டு நுனித்தோல் ஏன்னா, முன்தோல்ங்கறது ஃபோர்ஸ்கின்னை அப்படியே இறக்கினது, உடம்புல எதுக்கு முன்னாடி இருக்கற தோல்னு கேட்டா பதில் இல்ல. நுனித்தோல் ஏற்கனவே இருக்கற சொல், ஆதியாகமம் 17ல விருத்தசேதனத்தைப் பத்திச் சொல்ற இடத்துல வரும், கேட்டதும் இடம் புரியும். வாய்க்கட்டுன்னே வெச்சுக்கலாமேன்னு எனக்கும் ஆசைதான், ஆனா வாயைக் கட்டறதுன்னா பத்தியச் சாப்பாட்டுக்குப் போயிடும், மந்திரவாதி வாய்க்கட்டும் குறுக்க வரும், ஆஸ்பத்திரில அது செல்லாது. இறுக்கம்னா டாக்டர் சொல்ற “ஸ்கின் டைட்டா இருக்கு”ங்கறதுக்கும் சரியாப் பொருந்துது.

தழும்பு விழுந்த இடத்துல மட்டும் குறுக்கம்னு சொன்னா ஒத்துக்குவேன். முன்னாடி நல்லாப் பின்னாடி போய்ட்டிருந்த தோல் இப்ப போகல, நுனில வெள்ளையா கெட்டியா ஒரு வளையம் தெரியுதுன்னா அது உண்மையான நோய், தோல் வெளுத்துத் தழும்பாகற லைக்கன் ஸ்கிளிரோசஸா இருக்கலாம், அதுக்குப் பெரும்பாலும் நுனித்தோலை எடுக்கற ஆபரேஷன்தான். மத்த இறுக்கத்துக்கு முதல்ல பீட்டாமெத்தசோன் மாதிரி ஸ்டீராய்டு ஆயின்மென்ட், டாக்டர் சொல்ற விதமா தினம் ரெண்டு வேளை, 4லேர்ந்து 8 வாரம் நுனில தடவச் சொல்லுவாங்க, பல பசங்களுக்கு இதுலயே இளகிடும். பிரியாத நுனித்தோலுக்கு எதுவுமே வேணாம், வெளியே தண்ணில கழுவினாப் போதும். மூத்திரம் போகும்போது நுனி கொஞ்சம் உப்பினாலும் வேற தொல்லை இல்லன்னா பயமில்ல, தோலுக்கடில வெள்ளையா உருண்டையா தெரியறது பெரும்பாலும் சீழ் இல்ல, தோல் பிரியறப்ப சேர்ற அழுக்கு, அதுவா வெளிய வந்துடும். ஆனா நுனி சிவந்து வீங்கி சீழ் வடிஞ்சாலோ, காய்ச்சலோட மூத்திரக் கடுப்பு வந்தாலோ, முக்கி முக்கிச் சொட்டுச் சொட்டா போனாலோ காட்டியே ஆகணும். பின்னாடி தள்ளின தோல் திரும்பி முன்னாடி வராம மொட்டு வீங்கிக்கிச்சுன்னா அது பாராஃபைமோசிஸ், காலைல பார்த்துக்கலாம்னு இருக்கக் கூடாது, அப்பவே எமர்ஜென்சிக்கு ஓடணும். இதை “சிக்கின நுனித்தோல்”னு சொல்லிப் பாருங்க, நடந்தது அப்படியே தெரியுது.

மொழிபெயர்க்கறவங்க மேல எனக்கு இருக்கற கோபம் இந்த ஒரு சொல்லோட நிக்கல. மூத்திரப் பாதை, ஆண்குறி பார்க்கற யூராலஜிக்கும் கிட்னி பார்க்கற நெஃப்ராலஜிக்கும் சேர்த்து சிறுநீரகவியல்னு எழுதிடறாங்க, படிக்கற அம்மா பிள்ளையோட நுனித்தோல் பிரச்சனைக்கு கிட்னி கெட்டுப் போச்சுன்னு நினைச்சுக்கறாங்க. யூராலஜி சிறுநீரியல், நெஃப்ராலஜிதான் சிறுநீரகவியல், இதுக்கு நடுவுல இருக்கறது ஒரே ஒரு “க” இல்ல, வேற வேற டாக்டர். அப்பறம் “விதைப்பை இறங்கல”ன்னு எழுதறாங்க. பை எங்க இறங்கும்? அது இருந்த இடத்துலதான் இருக்கு, இறங்காதது விதை. இந்தக் குழப்பத்துல பை இருக்குல்ல, பெருசானா சரியாயிடும்னு வருஷக்கணக்கா விட்டுடறாங்க, ஆனா 6 மாசத்துக்குள்ள விதை தானா இறங்கலன்னா அதுக்கப்பறம் இறங்கறது அபூர்வம், ஒண்ணரை வயசுக்குள்ள ஆபரேஷன் பண்ணி இறக்கி வெச்சுடணும்.

நல்லா அமைஞ்ச சொல்லும் இல்லாம இல்ல. டார்ஷனுக்கு விதை முறுக்கம்னு போடறாங்க, கேட்ட உடனே நரம்போட முறுக்கிக்கிச்சுன்னு எந்தப் பாட்டிக்கும் புரியும், திடீர்னு ஒரு பக்கம் தாங்க முடியாத வலி வந்தா 6 மணி நேரத்துக்குள்ள ஆபரேஷன் நடந்தாத்தான் விதை பெரும்பாலும் பிழைக்கும்ங்கற அவசரமும் அந்தச் சொல்லுக்குள்ளயே இருக்கு. அதே கவனத்தை நுனித்தோலுக்கும் காட்டியிருக்கலாம். நோட்டீஸ் அச்சடிக்கற ஆஸ்பத்திரிக்காரங்க அடுத்த தடவை “முன்தோல் குறுக்கம்”ங்கற வரியை எடுத்துட்டு, பையனுக்கு எது இருக்கோ அதுக்கேத்த மாதிரி பிரியாத நுனித்தோல், நுனித்தோல் இறுக்கம்னு ரெண்டையும் தனித்தனியா போடட்டும், கூடவே இழுக்காதீங்கன்னு பெரிய எழுத்துல ஒரு வரி.