தெரிந்தவர் முகம் தெரியாமல் போவது எதனால்?

மன்னார்குடியிலோ கும்பகோணத்திலோ ஒரு கல்யாண மண்டபத்தில், நெருங்கிய சொந்தக்காரர் எதிரே வந்தும் "வாங்க" என்று ஒரு வார்த்தை சொல்லாமல் ஒருவர் கடந்து போனால், பந்தி முடிவதற்குள் அவருக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்ற பேச்சு எழுந்துவிடும். கண்பார்வையிலும் நினைவாற்றலிலும் குறையேதும் இல்லாமல், முகத்தைக் கொண்டு ஆளை இனங்காணும் திறன் மட்டும் இல்லாதவர்கள் இருக்கிறார்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அதனால் அந்தப் பழி பெரும்பாலும் அப்படியே நிலைத்துவிடுகிறது.

1947-இல் ஜெர்மானிய நரம்பியல் மருத்துவர் யோவாகிம் போடாமர், தலையில் குண்டடிபட்ட ஓர் இளைஞர் நண்பர்களையும் குடும்பத்தாரையும், கண்ணாடியில் தெரிந்த தம் முகத்தையுமே அடையாளம் காண முடியாமல் இருந்ததை விவரித்து, அந்நிலைக்குப் புரோசோபக்னோசியா என்று பெயரிட்டார். அந்த இளைஞரால் குரலையும் நடையையும் கொண்டு ஆட்களை அறிய முடிந்தது. இந்த நிலையின் முக்கியக் கூறு இதுதான். மண்டபத்தில் அத்தையைக் கண்டுகொள்ளாமல் போனவரிடம் அதே அத்தை, "என்னடா தம்பி, எப்ப வந்தே?" என்று கேட்டுவிட்டால், அவர் பெயர், ஊர், போன ஆண்டு அறுவடைக்கு வந்து தங்கியது வரை எல்லாம் உடனே நினைவுக்கு வந்துவிடும். ஆளைப் பற்றிய அறிவு மூளையில் பத்திரமாக இருக்கிறது. முகத்தின் வழியாக அதனிடம் போய்ச் சேரும் பாதை மட்டும் அடைபட்டிருக்கிறது.

பார்த்தும் அறிய முடியாத இத்தகைய நிலைகளுக்குப் பொதுப்பெயர் அக்னோசியா. 1890-இல் ஹைன்ரிஷ் லிஸ்ஸாவர் இதை இரு வகையாகப் பிரித்தார். முதல் வகையில், கோடுகளையும் விளிம்புகளையும் சேர்த்து ஓர் உருவமாக அமைப்பதே மூளைக்கு முடியாமல் போகிறது. எதிரே உள்ள படத்தைப் பார்த்து வரையவும் இயலாது. இரண்டாம் வகையில் உருவம் அமைந்துவிடுகிறது, பொருள்தான் பிடிபடுவதில்லை. இவ்வகைப் பாதிப்புள்ள ஒருவர் முன்பு நாச்சியார்கோயில் குத்துவிளக்கு ஒன்றை வைப்பதாகக் கொள்வோம். "அடியில் அகலமான வட்டம், நடுவில் கணுக்கணுவான தண்டு, மேலே ஒரு கிண்ணம், உச்சியில் பறவை போல ஏதோ ஒன்று" என்று அவர் ஒவ்வொன்றாகச் சரியாகச் சொல்வார். அது என்ன என்று கேட்டால் விழிப்பார். கையை நீட்டித் தண்டைத் தொட்ட மாத்திரத்தில் குத்துவிளக்கு என்பார்.

முகம் இதைவிடக் கடினமான பொருள். எல்லா முகங்களிலும் இரண்டு கண், ஒரு மூக்கு, ஒரு வாய் ஒரே வரிசையில்தான் இருக்கின்றன. அவற்றுக்கு இடையிலுள்ள நூலிழை வேறுபாடுகளைக் கொண்டுதான் ஆயிரம் பேரை நாம் பிரித்தறிகிறோம். இதற்காக மூளை முகத்தை உறுப்பு உறுப்பாகப் படிக்காமல் மொத்தமாக ஒரே வீச்சில் எடுத்துக்கொள்கிறது. 1969-இல் ராபர்ட் யின் செய்த சோதனையில், படங்களைத் தலைகீழாகக் காட்டியபோது வீடு, விமானம் போன்றவற்றை அறிவதைவிட முகத்தை அறிவது மிக அதிகமாகப் பாதிக்கப்பட்டது தெரியவந்தது. கவிழ்த்த முகத்தை மொத்தமாகப் படிக்க முடிவதில்லை. புரோசோபக்னோசியா உள்ளவருக்கோ நிமிர்ந்த முகமே அப்படித்தான் இருக்கிறது. மீசை, மச்சம், மூக்குத்தி, நெற்றியில் திருநீறு என்று தனித்தனியே எல்லாம் தெரிகிறது. எல்லாம் சேர்ந்து ஒரு ஆளாக மட்டும் ஆவதில்லை.

1997-இல் நான்சி கான்விஷரும் சக ஆய்வாளர்களும், மூளையின் பின்பக்க அடிப்புறத்தில் உள்ள ஃபியூசிஃபார்ம் மடிப்பில், முகங்களைப் பார்க்கும்போது மிகுதியாக இயங்கும் பகுதி ஒன்றைக் காட்டினார்கள். பெரும்பாலோருக்கு அது வலப்புறத்தில் வலுவாக உள்ளது. அது முகத்துக்கே உரிய பகுதியா, நுட்பமாகப் பழகிய எந்தப் பொருளையும் பிரித்தறியும் பகுதியா என்பதில் நெடுநாள் விவாதம் உண்டு. இசபெல் கோத்தியேவும் உடனாய்வாளர்களும் 2000-இல், பறவைகளையும் கார்களையும் நன்கு அறிந்தவர்களிடம் அந்தப் பொருள்களைப் பார்க்கும்போது அதே பகுதி இயங்குவதைக் காட்டினார்கள்.

இந்த விவாதத்தில் டெல்டாக்காரர்களுக்கு எளிதில் விளங்கக்கூடிய சான்று மாடுகளிடமிருந்து வருகிறது. உம்பளச்சேரி மாடு வளர்ப்பவரைக் கேட்டுப் பாருங்கள்: பிறந்தபோது செந்நிறமாக இருந்து வளர வளரச் சாம்பல் நிறமாக மாறிய மாடுகள், நெற்றியில் வெள்ளைச் சுட்டி உள்ளவையாக ஒரே மாதிரி நின்றாலும், எது எதன் கன்று என்று அவர் தயங்காமல் சொல்வார். இப்படிப்பட்ட ஒருவருக்கு மூளையில் பாதிப்பு ஏற்பட்டால் மனித முகமும் மாட்டு முகமும் ஒருங்கே மறைய வேண்டுமா? 1983-இல் ப்ரூயே குழுவினர் விவரித்த விவசாயி மனித முகங்களை அறிய முடியாமல், தம் மாடுகளை மட்டும் அறிந்தார். அடுத்த ஆண்டு அஸ்ஸால் குழுவினர் விவரித்த விவசாயிக்கு மனித முகம் தெரிவது திரும்பியது, மாடுகள் திரும்பவில்லை. ஒன்று போய் மற்றது நிற்பதும் அது போய் இது நிற்பதும் இரண்டுமே காணப்படுவதால், மனித முகத்துக்கென்று தனி ஏற்பாடு இருக்கிறது என்ற பக்கமே எனக்கு வலுவானதாகத் தோன்றுகிறது.

இதற்கு மேலும் அழுத்தம் தருபவர், கனடாவில் ஆராயப்பட்ட, சி. கே. என்ற எழுத்துகளால் குறிக்கப்படும் நோயாளி. விபத்தில் மூளையில் அடிபட்ட அவருக்குப் பொருள்களை அறியும் திறன் போய்விட்டது. முகங்களை மட்டும் நம்மைப் போலவே அறிந்தார். பழங்களையும் காய்கறிகளையும் அடுக்கி மனித முகமாக வரைந்த ஆர்ச்சிம்போல்டோவின் ஓவியங்களைக் காட்டியபோது அவருக்கு முகம் தெரிந்தது, காய்கறி தெரியவில்லை. படத்தைக் கவிழ்த்தால் முகத்தை அறிவதிலும் அவர் மிகவும் தடுமாறினார்.

அறியவில்லை என்று வாய் சொன்னாலும் உடல் அறிந்திருக்கலாம் என்பதை 1984-இல் ரசல் பாவர் காட்டினார். புரோசோபக்னோசியா உள்ளவருக்கு ஒரு முகத்தைக் காட்டிப் பெயர்களை வாசித்தபோது, சரியான பெயர் வந்த இடத்தில் தோலின் மின்கடத்துதிறன் கூடியது. காப்கிராஸ் என்ற நிலையில் இது தலைகீழாகிறது. தமிழ்நாட்டில் பிறந்து சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன் 1997-இல் விவரித்த இளைஞர், பெற்றோரின் முகத்தை நன்றாக அறிந்தும், "இவர்கள் என் பெற்றோரைப் போலவே இருக்கும் வேறு யாரோ" என்றார். தெரிந்த முகத்துக்கு எழ வேண்டிய உடல் உணர்வு அவரிடம் எழவில்லை. தொலைபேசியில் அதே பெற்றோரின் குரலைக் கேட்டபோது அவருக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை.

காயமோ நோயோ இல்லாமல் பிறவியிலேயே இந்தக் குறையுடன் வளர்பவர்களும் உண்டு. நூற்றில் இரண்டு பேர் வரை இருக்கலாம் என்பது பல ஆய்வுகளின் மதிப்பீடு. குடும்பங்களில் வழிவழியாகவும் வருகிறது. அவர்களில் பலர் வளர்ந்த பின்னும் தமக்கு இப்படி ஒன்று இருப்பதை அறியாமல், எல்லோரும் தலைமுடியையும் உடையையும் பார்த்துத்தான் ஆளை அறிகிறார்கள் என்றே எண்ணியிருப்பார்கள். பள்ளியில் ஒரே சீருடையில், ஒரே மாதிரி ரெட்டைச் சடை போட்ட பிள்ளைகளுக்கு நடுவே தோழியைத் தேடும் சிறுமிக்கு அது எவ்வளவு பெரிய திண்டாட்டம் என்பதை ஆசிரியர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். முற்றிலும் நீக்கும் மருந்து இதற்கு இல்லை. எதிர்ப்படும்போது, "நான் திருத்துறைப்பூண்டி பெரியம்மா மகன் செந்தில்" என்று முதலில் பெயரையும் உறவையும் சொல்லிவிடுவது உறவினர் செய்யக்கூடிய எளிய உதவி.

நேற்று வரை எல்லோரையும் அறிந்த ஒருவர் இன்று காலையில் வீட்டாரின் முகமே தெரியவில்லை என்றால், அது வேறு விஷயம். மூளையின் பின்பகுதிக்கு இரத்தம் கொண்டு செல்லும் தமனியில் அடைப்பு ஏற்பட்டிருக்கலாம். கூடவே நிறங்கள் மங்குவதும், பார்வையில் இடது பக்கத்தின் ஒரு பகுதி மறைவதும் உண்டு. வயதாகிவிட்டது, தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று வீட்டில் வைத்திருக்காமல், உடனே 108-ஐ அழைத்து ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். இரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.