வீட்டில் கோமாளி மீன் பெருக்கி விற்க: எந்த அனுமதி, எந்தப் பதிவு

யாழ்ப்பாணத்தில் கடலட்டைப் பண்ணை போட்டவர்களைக் கேளுங்கள், கடலில் ஒரு துண்டு இடத்துக்கு எத்தனை அலுவலகப் படி ஏறினோம் என்று கணக்குச் சொல்வார்கள். கோமாளி மீனுக்கு அவ்வளவு அலைச்சல் இல்லை. விறாந்தையில் நான்கு கண்ணாடித் தொட்டி, ஒரு காற்றுப் பம்பி, பாசி வளர்க்கச் சில போத்தல்கள் இருந்தால் தொடங்கலாம். ஆனால் வீட்டுக்குள் செய்யும் வேலைதானே என்று சட்டம் படலைக்கு வெளியே நின்றுவிடாது.

அடிப்படைச் சட்டம் 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளங்கள் சட்டம். மீன்பிடியோடு நீருயிரின வளர்ப்புத் தொழிலையும் அனுமதிப்பத்திரத்துக்குள் கொண்டுவந்தது அதுதான். 1998ஆம் ஆண்டின் 53ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த, நக்டா என்று நாம் சொல்லும் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபை, வளர்ப்புப் பக்கத்தைப் பார்க்கிறது. ஒரு சோடியை அழகுக்கு வைத்திருப்பவரின் நிலை வேறு, குஞ்சு எடுத்து விற்பவரின் நிலை வேறு. விற்கும் எண்ணம் இருந்தால் சீமெந்துத் தொட்டி கட்டும் முன்பே நக்டாவின் விரிவாக்க அலுவலரை அழைத்து இடத்தைக் காட்டுங்கள். அடையாள அட்டை, காணி உறுதி அல்லது வாடகை ஒப்பந்தம், தொட்டிகளின் அளவு குறித்த ஒரு கைவரைபடம், தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே போகும் என்ற விவரம், வளர்க்கப்போகும் இனத்தின் விஞ்ஞானப் பெயர் ஆகியவற்றைக் கையோடு வைத்திருந்தால் இரண்டாம் முறை போகும் தேவை குறையும். வியாபாரப் பெயர்ப் பதிவு பிரதேச செயலகத்தில்.

விஞ்ஞானப் பெயரை வலியுறுத்தக் காரணம் உண்டு. கோமாளி மீன் என்பது ஒரு மீன் இல்லை, ஏறக்குறைய 30 இனங்களுக்குப் பொதுப்பெயர். இலங்கைக் கடலில் அம்பிப்பிரியன் கிளார்கீ, அம்பிப்பிரியன் செபே ஆகியவை உண்டு. அம்பிப்பிரியன் நைக்ரிபெஸ் மாலைதீவுக்கும் நமக்கும் மட்டும் உரியது. கடைகளில் எல்லோரும் கேட்கும், செம்மஞ்சள் உடலில் மூன்று வெள்ளைப் பட்டி போட்ட ஒசெல்லாரிஸ் நம் கடல் மீனே அல்ல. ஆகவே அதன் தாய்மீன் ஒன்றில் இறக்குமதியாகி வந்திருக்க வேண்டும், இல்லையென்றால் இங்கே முன்பு யாரோ பெருக்கியதாக இருக்க வேண்டும். உயிர்மீனை நாட்டுக்குள் கொண்டுவருவதும் வெளியே அனுப்புவதும் 1998ஆம் ஆண்டின் உயிர்மீன் ஏற்றுமதி, இறக்குமதி ஒழுங்குவிதிகளுக்குக் கட்டுப்பட்டவை. தாய்மீன் வாங்கும்போது இனப்பெயர், எண்ணிக்கை, திகதி எழுதிய பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். மிஞ்சிய குஞ்சை இரக்கப்பட்டுக் கடலில் விடக் கூடாது. வெளியூர் இனத்தையும் தொட்டி நோயையும் சேர்த்தே விடுகிறீர்கள்.

உள்ளூர் இனமென்றால் பற்றுச்சீட்டு இன்னும் முக்கியம். உங்கள் தொட்டியில் பிறந்த கிளார்கீயும் கடலில் பவளப்பாரில் பிடித்த கிளார்கீயும் பார்வைக்கு ஒன்றுதான். பவளத்தின் மேல் போர்த்திப் பிடிக்கும் மொக்சி வலை தடை. பவளப்பாரிலும் கற்பாரிலும் செவுள் வலை, அடுக்கு வலை போடுவது தடை. நஞ்சோ மயக்க மருந்தோ கலந்து பிடிப்பதும் குற்றம். நீங்கள் வலை தொடாதவராக இருக்கலாம். தாய்மீன் எப்படி வந்தது என்று கேட்டால் காட்ட ஒரு தாள் வேண்டும்.

அடுத்தது பலர் அறியாமல் மாட்டும் இடம்: கல். தொட்டிக்கு அழகென்று கரையிலிருந்து பவளக்கல்லைத் தூக்கி வருவார்கள். நெடுந்தீவு வேலிகளே பவளக்கல்தானே என்பது வாதமாகாது. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணற் சட்டமும் அதன் திருத்தங்களும் கரையோர வலயத்தில் பவளம் எடுப்பதைத் தடுக்கின்றன. உயிருள்ள பவளத்துக்கு வனசீவராசிகள் சட்டமும் குறுக்கே நிற்கும். உண்மையில் கோமாளி மீன் முட்டையிடப் பவளமோ, அது கடலில் ஒண்டி வாழும் பூப்போன்ற உயிரான கடல் அனிமனியோ தேவையில்லை. ஒரு சின்ன மண்சட்டியைச் சரித்து வைத்தால் உள்பக்கச் சுவரில் இடும். வடிகட்டிக்குக் கழுவி வெயிலில் காயவைத்த மட்டி ஓடு போதும்.

கரையோரம் பேணற் சட்டம் தண்ணீர் விடயத்திலும் வரும். கரையோர வலயம் உயர்நீர்க் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர். அதற்குள் குழாய் பதிப்பது, பம்பி அறை கட்டுவது போன்ற வேலைக்குக் கரையோரம் பேணல் திணைக்களத்தைக் கேட்க வேண்டும். வீட்டளவுத் தொழிலுக்குக் குழாயே வேண்டாம், பரலில் ஏற்றி வாருங்கள். பருத்தித்துறை, மாதகல் பக்கத் திறந்த கடல் நீர் நல்லது. களப்பு நீர் மாரியில் உப்பிழந்து கோடையில் உப்பேறும், நம்ப முடியாது. உப்பு ஆயிரத்துக்கு 33 முதல் 35, வெப்பம் 27 முதல் 29 பாகை வரை இருக்கட்டும். ஆவியாகும் அளவுக்கு மழைநீர் ஊற்றுங்கள். தோட்டப் பகுதிக் கிணற்று நீரில் நைத்திரேற்று அதிகம். கழிவு உப்புநீரை முற்றத்தில் கொட்டவே கூடாது. நம் நிலம் சுண்ணாம்புக்கல். இன்று கொட்டியது பக்கத்து வீட்டுக் கிணற்றில் ஊறும், முறைப்பாடு பிரதேச சபைக்குப் போகும். வந்த பரலிலேயே திருப்பி அனுப்புங்கள்.

இனி, எல்லாத் தாளையும் தாங்கி நிற்கும் தாள்: குஞ்சுப் பதிவேடு. இதை ஒரு கொப்பியில் கையால் எழுதினாலும் போதும். "இந்த மீன் இங்கே பிறந்தது" என்பதற்கு வேறு சாட்சி இல்லை.

ஒரு முட்டைத் தொகுதிக்கு ஒரு பக்கம். சோடி எது, முட்டையிட்ட திகதி, ஏறக்குறைய எத்தனை. முதல்நாள் முட்டை செம்மஞ்சளாக இருக்கும், பிறகு மங்கிக் கபிலமாகும், கடைசியில் வெள்ளிக் கண்கள் மினுங்கும். கண் மினுங்கினால் அன்றோ மறுநாளோ இரவு பொரிக்கும். 28 பாகையில் இது ஏழாம் எட்டாம் நாள். அன்று மாலை சட்டியைத் தண்ணீருக்கு வெளியே எடுக்காமல் ஒரு வாளியில் வைத்து, அதே தண்ணீர் நிரப்பிய 40 லீற்றர் கறுப்புத் தொட்டிக்கு மாற்றி, முட்டைக்குக் கீழே மெல்லிய காற்றுக்குமிழ் விட்டு, விளக்கை அணையுங்கள். இருட்டி இரண்டு மணித்தியாலத்துக்குள் அநேகமாகப் பொரித்து முடிந்திருக்கும். பொரித்த திகதியையும் எழுதுங்கள்.

குஞ்சுக்கு முதல் உணவு ரொட்டிஃபர் என்ற மிகச் சிறிய நீருயிர், மில்லிலீற்றருக்குப் பத்தளவில். 40 லீற்றருக்குக் கணக்குப் பார்த்தால் 4 இலட்சம். இந்த வளர்ப்புத் தயாராகாமல் சோடி வாங்குவது வீண்செலவு. முதல் இரண்டு நாளில் செத்தால் பெரும்பாலும் பட்டினி. மூன்றாம் நான்காம் நாளில் மொத்தமாகச் செத்தால் அமோனியாவைப் பாருங்கள். ஆசையில் கூடக் கொட்டிய உணவு அழுகியிருக்கும். எட்டாம் நாளுக்கும் பன்னிரண்டாம் நாளுக்கும் இடையில், உடலில் வெள்ளைப் பட்டி விழும் நேரத்தில் செத்தால், பாண் ஈஸ்ற் போட்டு வளர்த்த ரொட்டிஃபர்தான் காரணமாக இருக்கும்: அதில் கொழுப்பமிலம் போதாது, நன்னோகுளோரொப்சிஸ் பாசி கொடுத்திருக்க வேண்டும். ஏழாம் நாளளவில் புதிதாகப் பொரித்த ஆர்ட்டீமியா என்ற உப்புநீர்ச் சிற்றுயிரைச் சிறிது சிறிதாகச் சேருங்கள். மின்வெட்டுக்கு பற்றரிப் பம்பி ஒன்று கட்டாயம்.

பட்டி விழுந்த பின் மிஞ்சியதை எண்ணி எழுதுங்கள். 400 முட்டையில் 120 மிஞ்சினால் 120 என்றே எழுதுங்கள், வெட்கப்பட எதுவும் இல்லை. 120 என்று பதிந்த பக்கத்திலிருந்து 150 விற்றதாகப் பற்றுச்சீட்டு இருந்தால்தான் பிரச்சினை: மிச்சம் 30 எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள்.

ஏற்றுமதிக்குக் கூடுதல் படிகள் உண்டு. அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைற்றிஸ் உடன்படிக்கையின் பட்டியலில் கோமாளி மீன் இல்லை, ஆனாலும் 1998 ஒழுங்குவிதியின் பட்டியலில் உங்கள் இனத்தின் பெயரைக் கடற்றொழில் திணைக்களத்தில் பார்த்து உறுதி செய்யுங்கள், பட்டியல் திருத்தப்படக்கூடியது. சுகாதாரச் சான்றிதழ் கால்நடை உற்பத்தி, சுகாதாரத் திணைக்களத்தின் பொறுப்பு. சில நூறு குஞ்சு வைத்திருப்பவர் தானே ஏற்றுமதியாளராக மெனக்கெடுவதைவிட, பதிவுள்ள கொழும்பு ஏற்றுமதியாளருக்குக் கொடுப்பதே சரியாக வரும் என்பது எங்கள் கணிப்பு. அனுப்புவதற்கு முதல்நாள் தீனி நிறுத்தி, பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மிச்சம் ஒட்சிசன் அடைத்து, றெஜிபோம் பெட்டியில் வைத்து இரவு பஸ்ஸில் போடலாம். பெட்டி மூடியின் உள்பக்கம் இனப்பெயர், எண்ணிக்கை, கொப்பியின் பக்க இலக்கம்.