விலங்கு குறைவான இடத்திலும் எண்ண வேண்டும்

வனவிலங்குக் கணக்கெடுப்பு அறிக்கை கைக்கு வந்தால் நான் முதலில் பார்ப்பது வரைபடத்தைத்தான். மாதிரிக் கட்டங்கள், அதாவது விலங்குகளை எண்ணத் தேர்ந்தெடுத்த சிறு பரப்புகள், எங்கே விழுந்திருக்கின்றன? ஜீப் போகும் பாதையோரத்திலும் நீர்நிலைகளைச் சுற்றியுமே குவிந்திருந்தால், அதன் மேல் எவ்வளவு நுணுக்கமான கணிதம் செய்தாலும் வரும் எண்ணை நம்ப முடியாது.

ஓர் உதாரணம். 1,000 சதுர கி.மீ. காடு. அதில் ஆற்றோரம் 100, வறண்ட புதர்க்காடு 900. ஆற்றோரத்தில் ஒரு சதுர கி.மீ. அளவுள்ள 20 கட்டங்களில் எண்ணுகிறோம். சராசரி 8 மான். புதர்க்காட்டில் 5 கட்டங்கள் மட்டும். சராசரி 1 மான். எல்லாவற்றையும் கலந்து சராசரி எடுத்தால் 6.6, காடு முழுவதற்கும் 6,600 மான். இரண்டு பகுதிகளையும் தனித்தனியே கணக்கிட்டுப் பரப்பளவால் பெருக்கிக் கூட்டினால் 1,700. களத்தில் பார்த்த விலங்குகள் அதேதான். வேட்டையாட அனுமதி தருவதும் பாதுகாப்புக்கு நிதி ஒதுக்குவதும் இந்த எண்ணை வைத்துத்தான் என்பதால், இங்கே நடக்கும் பிழை காகிதத்தோடு நின்றுவிடாது.

இப்படிப் பிரித்து எண்ணுவதுதான் அடுக்குமுறை மாதிரியெடுப்பு; பிரித்த ஒவ்வொரு பகுதியும் ஓர் அடுக்கு. தாவர வகை, நீர், உயரம், பழைய பதிவுகள் ஆகியவற்றை வைத்துக் களத்தில் இறங்கும் முன்பே அடுக்குகளின் எல்லையை வரைந்துவிட வேண்டும். ஒவ்வோர் அடுக்குக்குள்ளும் கட்டங்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்க வேண்டும். பிரித்தபின், அடுக்குக்குள்ளே மறுபடி பாதையோரமாகவே நடந்தால் பிரித்ததற்குப் பொருளில்லை.

எந்த அடுக்குக்கு எவ்வளவு உழைப்பு? பரப்பு பெரிதாகவும் எண்ணிக்கையின் ஏற்ற இறக்கம் அதிகமாகவும் உள்ள அடுக்குக்குக் கூடுதல் கட்டங்கள் என்ற விதியை 1934-இல் புள்ளியியலாளர் யெர்சி நெய்மன் விளக்கினார். அலாஸ்காவின் கரிபூ மான்களை விமானத்திலிருந்து எண்ண இந்த முறையைப் பயன்படுத்தியதை ஆய்வாளர்கள் சினிஃபும் ஸ்கூகும் 1964-இல் வெளியிட்டார்கள்.

நடைமுறையில் முதலில் வெட்டுப்படுவது விலங்கு குறைந்த அடுக்குதான். 'அங்கே ஒன்றும் இருக்காது' என்பார்கள். ஆனால் பெரும்பாலும் பரப்பில் பெரியது அதுதான். கட்டத்துக்கு அரை விலங்கு கூடினாலும் மொத்தம் நூற்றுக்கணக்கில் மாறும். ஓர் அடுக்கில் குறைந்தது இரண்டு கட்டங்களாவது இல்லாவிட்டால் அதன் பிழை அளவைக் கணக்கிடவே முடியாது. வெறும் பூஜ்ஜியமாக முடிந்த காலைப்பொழுதும் தரவுதான். அதைப் பதிவு செய்த களப்பணியாளரின் உழைப்பை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

மந்தை எதிர்பாராத அடுக்குக்கு நகர்ந்துவிட்டால்? துல்லியம் குறையும், ஆனால் பரப்பளவு சரியாக இருந்து கட்டங்களும் குலுக்கலில் வந்திருந்தால் மதிப்பீடு ஒருபக்கமாகச் சாயாது. எண்ணி முடித்தபின் விலங்கு தெரிந்த இடத்துக்கேற்ப எல்லையைத் திருத்துவதுதான் ஆபத்து.

அடுக்குமுறையால் தீராத சிக்கல் ஒன்றும் இருக்கிறது. அடர்ந்த புதரில் அருகிலிருக்கும் விலங்கும் கண்ணில் படாது. இருக்கும் விலங்குகளில் எத்தனை பங்கு கண்ணில் படுகிறது என்பதுதான் கண்டறிதல் விகிதம். எல்லா அடுக்குக்கும் ஒரே கண்டறிதல் விகிதத்தைப் போட்டால் புதர்க்காட்டில் எண்ணிக்கை குறைந்தும் திறந்த வெளியில் மிகுந்தும் வரும். பரப்புக்கு நேர்விகிதத்தில் கட்டங்களைப் பகிராதபோது மொத்த எண்ணும் கெடும். ஆகவே கண்டறிதல் விகிதத்தை இயன்றவரை அடுக்குவாரியாக மதிப்பிடுங்கள். அறிக்கையில் மொத்த எண்ணோடு ஒவ்வோர் அடுக்கின் பரப்பு, கட்டங்களின் எண்ணிக்கை, சராசரி, பிழை அளவு ஆகிய நான்கையும் சேர்த்தே வெளியிடுங்கள்.