கடலுக்குக் காது கொடுக்கும் விமானம்

சென்னையிலிருந்து மின்சார ரயிலில் அரக்கோணம் போய்வருகிறவர்கள், தலைக்கு மேல் ஒரு சாம்பல் நிற விமானத்தைப் பார்த்திருக்கலாம். மீனம்பாக்கத்தில் ஏறி இறங்கும் போயிங் 737-இன் சாயல் அப்படியே இருக்கும். பிறப்பும் அதுதான். 737-800 பயணிகள் விமானத்தின் உடலையும் 737-900-இன் இறக்கையையும் அடிப்படையாகக் கொண்டு உருவான பி-8ஐ, இந்தியக் கடற்படைக்காக நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடும் விமானம். 2013-இல் அது அரக்கோணத்தில் உள்ள கடற்படை விமானத் தளமான ஐஎன்எஸ் ராஜாளிக்கு வந்து சேர்ந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் மீனம்பாக்கம் முடங்கியபோது பயணிகள் விமானங்களுக்கு ஓடுதளம் தந்ததும் இதே ராஜாளிதான்.

நீர்மூழ்கி வேட்டைக்குப் பயணிகள் விமானத்தை மாற்றியமைப்பது பழைய வழக்கம். அமெரிக்காவின் ஓரியன், எலக்ட்ராவிலிருந்து வந்தது. பிரிட்டனின் நிம்ராட், காமெட்டிலிருந்து. நெடுநேரம் பறக்கும் உடல் கையில் இருக்கிறது. மற்றதைத்தான் புதிதாகச் செய்ய வேண்டும். பி-8ஐ-யில் ஜன்னல் வரிசை போய்விட்டது, வயிற்றில் டார்பிடோ அறை வந்தது, கூடுதல் சுமையைத் தாங்க உடல் வலுவாக்கப்பட்டது.

உப்புநீருக்குள் ரேடார் அலை செல்லாது. ஒலிதான் நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் வேகத்தில் நெடுந்தூரம் போகிறது. வானத்தில் இருப்பவருக்கு அது கேட்காதே! அதனால் விமானம் தன் காதுகளைக் கடலில் போடுகிறது. சோனோபாய் எனப்படும் இந்த ஒலிமிதவை, சுமார் 90 செ.மீ. நீளக் குழாய். சிறு பாராசூட்டில் இறங்கும். கடல்நீர் பட்டதும் பேட்டரி உயிர்பெறும். ஆன்டெனாவைச் சுமந்த மிதவை மேலே நிற்க, ஹைட்ரோபோன் என்னும் நீரடி ஒலிவாங்கி கம்பியில் தொங்கியபடி குறித்த ஆழத்துக்குப் போகும். நீர்மூழ்கியின் சுழல்விசிறி ஓசை எத்திசையிலிருந்து வருகிறது என்பதை இரண்டு மிதவைகள் வானொலியில் சொன்னால், திசைக்கோடுகள் வெட்டுமிடத்தில் தேடலாம்.

வங்கக் கடலில் இது லேசான காரியம் அல்ல. கங்கையும் பிரம்மபுத்திராவும் கொட்டும் நன்னீர், உப்புக் குறைந்த அடுக்காக மேலே படர்கிறது. அதன் கீழே ஓர் ஆழத்தில் வெப்பம் சரசரவெனக் குறைகிறது. அங்கே ஒலி வளைந்துவிடும். காது மேலேயும் நீர்மூழ்கி கீழேயும் இருந்தால் ஓசை சரியாக வந்து சேராது. ஆகவே வெப்பநிலை அளக்கும் மிதவையைப் போட்டுப் பார்த்த பிறகே, காதை எந்த ஆழத்தில் தொங்கவிடுவது என்று முடிவெடுப்பார்கள்.

வாலின் நுனியில் நீண்டிருக்கும் கம்பு இன்னொரு புலன். பெரிய இரும்புத் திரள் பூமியின் காந்தப்புலத்தில் உண்டாக்கும் சிறு கோணலை அது உணர்கிறது. விமானத்தின் சொந்த மின்சாரம் குறுக்கிடாதிருக்கவே அவ்வளவு பின்னால் வைத்திருக்கிறார்கள். உயரத்திலிருந்து வேட்டையாட விரும்பிய அமெரிக்கா, இதே விமானத்தின் தன் வடிவமான பி-8ஏ-வில் இதைச் சேர்க்கவில்லை. இந்தியா கேட்டு வாங்கியது. சில நூறு மீட்டருக்குள்தான் பிடிபடும் என்பதால் தாழப் பறக்க வேண்டும், எரிபொருளும் கூடுதலாகச் செலவாகும். ஆனாலும் ஓசையை அடக்கி ஒளியும் நீர்மூழ்கிக்குத் தன் இரும்பை மறைப்பது எளிதல்ல. இந்தியாவின் முடிவு சரி என்றே நான் கருதுகிறேன்.