புல்தரைல மண் கோபுரம் முளைச்சிருந்தா மருந்து ஊத்தாதீங்க

வசந்தகாலத்துல ரெண்டு மழை பெஞ்சா போதும், ஈரநிலத்துல வேலை பாக்குற எங்களுக்கு ஒரே கேள்விதான் வரும், புல்தரைல களிமண் உருண்டைய அடுக்குன மாதிரி குட்டி கோபுரம் நிக்குது, உள்ள என்ன மருந்து ஊத்தலாம்னு. ஒண்ணும் ஊத்த வேணாம்ங்க, அது கிரேஃபிஷ் வளை. சிங்கி இறாலோட நன்னீர் சொந்தக்காரன்னு வச்சுக்கோங்க. செவுள்ல மூச்சு விடுற ஜீவன், செவுள் காயக்கூடாது, அதனால நிலத்தடி தண்ணி எட்டுற வரைக்கும் தோண்டிட்டே போகும், தோண்டுன மண்ணுதான் மேல கோபுரமா நிக்குது.

குளிர்ல முடங்கிக் கிடந்தது தண்ணி வெதுவெதுப்பானதும் வெளிய வருது, சிலது வால் அடியில முட்டையோட, சிலது குஞ்சுங்கள ஒட்ட வச்சுக்கிட்டு. அந்த நேரம் ஈரநிலமே பசியோட காத்திட்டிருக்கும். நீர்நாய், கீரி மாதிரி இருக்குற மிங்க், ரக்கூன், நாரை, பெரிய வாய் பாஸ் மீன், ஏன் ஆந்தை கூட விடாது. வட அமெரிக்காவுல இருக்குற குவீன் ஸ்நேக்னு ஒரு பாம்பு இருக்கே, அதுக்கு கிட்டத்தட்ட இது மட்டும்தான் சாப்பாடு, அதுவும் அப்பதான் ஓடு உரிச்சு மெத்துன்னு இருக்கறதாப் பாத்து பிடிக்கும்.

எனக்கு ரொம்ப பிடிச்சது அமெரிக்க வெள்ளை அரிவாள்மூக்கன்ங்கிற பறவையோட கதை. கடலோரத்துல கூடு கட்டும், ஆனா குஞ்சுக்கு உப்பு ஆகாது, பக்கத்துலயே உப்புத்தண்ணி நண்டு குவிஞ்சு கிடந்தாலும் அத மட்டுமே ஊட்டி வளக்க முடியாது, அதனால தாயும் தகப்பனும் உள்நாட்டு நன்னீர் சதுப்பு வரைக்கும் பறந்து போய் கிரேஃபிஷ் கொண்டு வருதுங்க. அந்த சதுப்ப நாம வத்த விட்டா கடலோரக் கூட்டுல குஞ்சு நிக்காது.

காலி வளையும் வீணாப் போறதில்ல, க்ராஃபிஷ் தவளைன்னே பேர் உள்ள ஒரு தவளை வருஷத்துல பெரும்பகுதி அதுக்குள்ளதான் குடியிருக்கு. பைரித்ராய்டு வகை பூச்சிமருந்து கொஞ்சமா கலந்தாலே கிரேஃபிஷ் செத்துடும், மழைத்தண்ணி அத ஓடைக்கும் இழுத்துட்டுப் போயிடும். கோபுரம் கண்ண உறுத்துனா காலால தட்டி விடுங்க, வளைக்கு ஒண்ணும் ஆகாது.

இன்னொண்ணு, தூண்டிலுக்கு வாங்குன கிரேஃபிஷ் மிஞ்சுனா தண்ணில விட்றாதீங்க. அமெரிக்காவோட ஒஹையோ ஆத்துப் படுகையச் சேந்த ரஸ்டி கிரேஃபிஷ்ங்கிற வகை பல ஏரிகளுக்குப் பரவுனதுல தூண்டில் வாளிக்குப் பெரிய பங்கு இருக்கு, போன எடத்துல நீர்ச்செடிய மேஞ்சு தள்ளி, அங்கயே இருந்த கிரேஃபிஷையும் விரட்டிடுச்சு.