ஸ்கிரீனிங்: திரையும் இல்லை, சல்லடையும் இல்லை

‘இரைச்சல் திரையிடல் மேற்கொள்ளப்பட்டது, மேலாய்வு தேவைப்படவில்லை.’ ஒரு சாலைத் திட்டத்தின் தமிழ்ச் சுருக்கத்தில் மறுபடியும் இந்த வரி. ராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்து உச்சிப்புளிக்காரர் ஒருவர் இதைப் படித்துவிட்டு, “ரோட்டோரம் திரை கட்டிட்டாங்களாமே, தகரத்துலயா துணியிலயா?” என்று கேட்டார். அவர் மேல் தப்பில்லை. தமிழ் தெரிந்தவர் யார் படித்தாலும் அப்படித்தான் புரியும்.

‘திரையிடல்’ என்று இங்கே பெயர்த்திருப்பது ஆங்கில ‘ஸ்கிரீனிங்’கை. ஸ்கிரீனிங் என்பது, ஒரு திட்டத்துக்கு முழு ஆய்வு வேண்டுமா வேண்டாமா என்று தொடக்கத்திலேயே பார்த்து முடிவெடுப்பது. நம் நாட்டின் 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை சொல்லும் நான்கு படிகளில் முதல் படிக்கு இதுதான் பெயர். சாலை இரைச்சலில் கேள்விகள் எளியவை. சாலை புதிதா, இருப்பதை அகலப்படுத்துகிறார்களா? வண்டிகள் எவ்வளவு கூடும், அதில் லாரி எத்தனை? வேகம் ஏறுமா? வீடு, பள்ளி, ஆஸ்பத்திரி பக்கம் சாலை நகர்கிறதா? மற்றதெல்லாம் அப்படியே இருக்க, வண்டிகள் இரண்டு மடங்கானால் இரைச்சல் 3 டெசிபல் ஏறும். கால் பங்கு கூடினால் ஏறக்குறைய 1 டெசிபல். இந்தக் கணக்கை ஒரு பக்கத்தில் போட்டுப் பார்த்து, ஆய்வு வேண்டும், வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

ஆங்கிலத்தில் ‘ஸ்கிரீன்’ பழைய பிரெஞ்சு வழி வந்த சொல். முதலில் கணப்பின் அனல் மேலே படாமல் மறைக்கும் தட்டி. அப்புறம் மண், நிலக்கரி சலிக்கும் பெரிய சல்லடைக்கும் அதே பெயர் வந்தது. சலித்துப் பிரிப்பது என்ற பொருள் அங்கிருந்து ஆட்களுக்கும் நோய்க்கும் திட்டங்களுக்கும் போயிற்று. வேர் அவ்வளவுதான். மறைப்பது ஒரு கிளை, சலிப்பது ஒரு கிளை. மொழிபெயர்த்தவர் தப்பான கிளையில் ஏறிவிட்டார்.

ஏறியதோடு போனால் பரவாயில்லை. தமிழில் திரையிடல் என்றால் படம் போடுவது. திரை என்றால் துணி, கடற்கரையில் அலை. வேண்டுமா வேண்டாமா என்ற பொருள் இதில் எங்கேயும் இல்லை. இன்னொரு சங்கடமும் உண்டு. சாலையோரம் இரைச்சலைத் தடுக்க எழுப்பும் சுவருக்கும் ஆங்கிலத்தில் ‘ஸ்கிரீன்’ என்பார்கள். அறிக்கையின் தொடக்கத்தில் வருவது முடிவெடுக்கும் ஸ்கிரீனிங், கடைசியில் தீர்வுகளில் வருவது சுவர். இரண்டையும் திரையிடல் என்று போட்டால், சுவர் ஏற்கெனவே எழுப்பியாயிற்று என்று முதல் பக்கத்திலேயே சொன்னதாகிவிடும். சுவருக்குத் தடுப்புச்சுவர் என்ற நல்ல சொல் இருக்கிறது.

சரி, திரையை விட்டுவிடுவோம் என்றால் தனித்தமிழ் அன்பர்கள் ‘சலித்தல்’ என்கிறார்கள். வேருக்கு நெருக்கமான சொல்தான், நல்ல தமிழும்தான். ஆனால் பெயராக்கிப் பாருங்கள்: ‘இரைச்சல் சலிப்பு’. இரைச்சலால் வெறுத்துப்போன மனிதன்தான் கண்முன் நிற்பான். சரி, ‘வடிகட்டல்’? ‘வடிகட்டின முட்டாள்’ என்று வழங்கும் மொழியில் அந்தச் சொல்லுக்கு வேறொரு வாடை இருக்கிறது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வடிகட்டினால் ஒன்று தங்கும், ஒன்று போகும். ‘வடிகட்டப்பட்ட சாலை’ என்றதும் திட்டத்தையே தள்ளிவிட்டார்கள் என்று ஊர் நினைக்கும். ஸ்கிரீனிங் சாலையைத் தள்ளுவதும் இல்லை, ஏற்பதும் இல்லை. ஆய்வு வேண்டுமா என்பதோடு அதன் வேலை முடிந்தது.

அதனால் நான் ‘தேவையறிதல்’ என்பேன். இரைச்சலாய்வுத் தேவையறிதல். கொஞ்சம் நீளம், சல்லடைப் படிமமும் போய்விடுகிறது. போகட்டும். வேரைக் காப்பாற்றப் பொருளைப் பலி கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ‘சத்தம்’ என்று போடாததற்கும் காரணம் உண்டு. தென்மாவட்டங்களில் வண்டிச்சத்தம் என்றால் வாடகை. ‘ஒலி’ பாட்டுக்கும் பொது. கடல் இரைகிறது என்று பேசும் ஊரில் இரைச்சலுக்கு விளக்கம் வேண்டாம்.

பெயர் சரியாக இருந்தால் கேள்வியும் சரியாக வரும். ‘தேவையறிதலில், ஆய்வு தேவையில்லை எனத் தெரிந்தது’ என்று எழுதியிருந்தால், படிப்பவர் அடுத்து “எதை வைத்து?” என்று கேட்பார். இந்தக் கரைக்கு அது சாதாரணக் கேள்வி இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கிடக்கும், மீன் லாரியும் ஐஸ் வண்டியும் குறைந்துபோகும். அந்த நாட்களில் மண்டபம் பக்கம் நின்று வண்டி எண்ணினால், கணக்கு பிழையில்லாமல் பொய் சொல்லும். பகலில் மட்டும் எண்ணினாலும் அப்படித்தான். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புக்குப் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 வரம்பு என்கின்றன. ஊர் அடங்கிய பிறகு ஏர் ஹாரனை அழுத்திக்கொண்டு போகும் ஒரு கூலர் வண்டி, மீனைக் குளிரில் வைத்துக் கொண்டுபோகும் லாரி, பகல் எண்ணிக்கையில் எங்கே வரும்? ‘திரையிடல்’ என்று எழுதிவிட்டால் இதையெல்லாம் கேட்கவே ஒருவருக்கும் தோன்றாது.

பொதுமக்கள் கருத்துக்கேட்புக்கு முன் அறிக்கையின் சுருக்கத்தை உள்ளூர் மொழியில் தரவேண்டும் என்பது அதே 2006 அறிவிக்கையின் விதி. ‘கருத்துக்கேட்பு’ என்ற சொல்லைப் பாருங்கள், எவ்வளவு தெளிவு! அந்தச் சொல்லை உருவாக்கியவர்களும் மொழிபெயர்ப்பாளர்கள்தானே. இப்போது எழுதுகிறவர்கள் அகராதியில் முதலில் கண்ணில் பட்டதைப் பிடித்துப் போடுகிறார்கள். ‘சென்சிட்டிவ் ரிசெப்டர்’ என்றால் இரைச்சல் வந்து விழும் வீடு, பள்ளி, ஆஸ்பத்திரி. உயிரியல் பாடத்திலிருந்து எடுத்து அதை ‘உணர்திறன் ஏற்பி’ ஆக்கியிருக்கிறார்கள். சாலையோரத் தொடக்கப்பள்ளி தமிழில் ஏற்பியாகி நிற்கிறது. ‘இரைச்சல் படும் இடங்கள்’ என்று எழுதினால், அந்தப் பட்டியலில் தன் வீடு இருக்கிறதா என்று வீட்டுக்காரரே தேடிப் பார்த்துக்கொள்வார்.