கடைசித் தேதி உள்ள லிங்க்கைப் புக்மார்க்கில் விட்டுவைக்காதீர்கள்

மண்டபம், தங்கச்சிமடம் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கணினி சொல்லிக்கொடுப்பதும், ஊர்க்காரர்களுக்கு ஆன்லைன் விண்ணப்பம் போட்டுத் தருவதும்தான் என் வேலை. இங்கே அடிக்கடி கேட்கும் பேச்சு, "சேவ் பண்ணித்தான்க்கா வச்சிருந்தேன்." கல்வி உதவித்தொகை, டிஎன்பிஎஸ்சி அறிவிப்பு, மீனவர் மானியம் என்று எதுவாக இருந்தாலும் லிங்க் போனில் பத்திரமாக இருக்கும், கடைசித் தேதி போயிருக்கும்.

இதைச் சோம்பல் என்று திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. புக்மார்க்கில் தேதி போட இடமே கிடையாது. நாமாகத் திறந்தால்தான் உண்டு, அதுவாக நம்மைக் கூப்பிடாது. அதனால், செய்து முடிக்க வேண்டிய லிங்க் எதுவானாலும் டுடூயிஸ்ட், மைக்ரோசாஃப்ட் டூ-டூ போன்ற வேலைப்பட்டியல் ஆப்புக்குத் தானாகப் போய்ச் சேரும்படி செய்துவிடுங்கள்.

குரோமில் நட்சத்திரத்தைத் தொட்டுச் சேமிப்பவை பிரவுசருக்குள்ளேயே கிடக்கும். அதனால் ரெயின்டிராப் மாதிரி ஒரு புக்மார்க் சேவையில் கணக்குத் தொடங்கி, அதில் 'செய்ய வேண்டியவை' என்று தனி ஃபோல்டர் போடுங்கள். அப்புறம் ஒரு ஆப்பிலிருந்து இன்னொன்றுக்குத் தானாகத் தகவல் அனுப்பும் ஸேப்பியர் என்ற சேவையில், அந்த ஃபோல்டரில் புதிதாக ஒன்று விழுந்தால் டுடூயிஸ்டில் ஒரு வேலையாகச் சேர் என்று இணைத்துவிடலாம். இலவசக் கணக்கில் உடனே வராது, சில நிமிடம் ஆகும். போன் மட்டும்தான் இருக்கிறது என்றால் இவ்வளவு சுற்றும் வேண்டாம். பக்கத்தைத் திறந்து 'ஷேர்' தொட்டு, வேலைப்பட்டியல் ஆப்பைத் தேர்ந்தெடுத்தாலே போதும்.

பலர் சறுக்குவது பெயரில். ஒரு மாணவியின் பட்டியலைத் திறந்து பார்த்தபோது வரிசையாக 'ஹோம்', 'ஹோம்', 'வெல்கம்' என்றே இருந்தது. அரசு இணையதளங்கள் பலவற்றில் பக்கத்தின் தலைப்பு அப்படித்தான் இருக்கும், ஆட்டோமேஷன் அதை அப்படியே எடுத்துவரும். பிடிஎஃப் அறிவிப்பாக இருந்தால் பல நேரம் கோப்பு எண்தான் மிஞ்சும். பத்து நாள் கழித்து அதைப் பார்த்தால் யாருக்கு என்ன புரியும்? ஆகவே சேமிக்கும்போதே தலைப்பை அழித்துவிட்டு, 'வருமானச் சான்று எடுத்து உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க, 25க்குள்' என்று வேலையை எழுதுங்கள். பிறகு திருத்திக்கொள்ளலாம் என்று விட்டால், புக்மார்க்கில் திருத்துவது ஏற்கெனவே போய்விட்ட வேலையில் மாறாது. தேதியையும் காலியாக விடாதீர்கள். இணைப்பை அமைக்கும்போதே, வரும் எல்லாவற்றுக்கும் மறுநாள் தேதி விழும்படி வைத்துவிட்டால் மறுநாள் ஒருமுறையாவது கண்ணில் படும். அப்போது சரியான தேதியை மாற்றிக்கொள்ளலாம்.

எல்லா லிங்க்கையும் அனுப்பவும் கூடாது. ஹைதராபாத் இன்காய்ஸ் நிறுவனத்தின் அலை முன்னறிவிப்புப் பக்கத்தை இங்கே பலர் சேமித்திருப்பார்கள். அது கடலுக்குப் போகும் முன் தினமும் பார்க்க வேண்டியது, செய்து முடித்து டிக் அடிக்கும் வேலை இல்லை. அது புக்மார்க்கிலேயே இருக்கட்டும். படிக்க ஆசைப்பட்டுச் சேமிக்கும் கட்டுரைகளும் அப்படித்தான். அவை பட்டியலில் குவிந்தால், ஏப்ரல் 15இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிப் படகுகள் கரையில் நிற்கும்போது முடிக்க வேண்டிய காகித வேலைகள் அடியில் போய்விடும்.

இன்னொன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். இந்த ஏற்பாட்டில் நீங்கள் சேமிக்கும் முகவரி மூன்று சேவைகளின் கையில் போகிறது. 'லிங்க் வைத்திருக்கும் எவரும் பார்க்கலாம்' என்று வைத்த கூகுள் டிரைவ் கோப்பில் ஆதார் நகலோ பாஸ்புக் பக்கமோ இருந்தால், அந்த முகவரி கிடைத்தவர் யாரும் திறந்துவிட முடியும். பாஸ்வேர்டு மாற்றும் லிங்க்கும் இந்த ஃபோல்டருக்குள் வரவே கூடாது. இணைக்கும்போது கேட்கும் அனுமதியைப் படித்துப் பாருங்கள். பயன்பாட்டை நிறுத்திவிட்டால், செட்டிங்ஸில் இணைத்த ஆப்களின் பட்டியலுக்குப் போய் அதையும் துண்டித்துவிடுங்கள்.

சேவைகளும் நிரந்தரமில்லை. லட்சக்கணக்கானவர்கள் லிங்க் சேமித்து வைத்திருந்த 'பாக்கெட்' என்ற சேவையை மொசில்லா நிறுவனம் 2025 ஜூலை 8இல் நிறுத்திவிட்டது. ரெயின்டிராப்பில், சேமித்த லிங்க்குகளை ஒரு கோப்பாக எடுக்கும் எக்ஸ்போர்ட் வசதி இருக்கிறது. மாதம் ஒருமுறை அந்தக் கோப்பை இறக்கி, உங்கள் கணினியிலோ பென்டிரைவிலோ வைத்துக்கொள்ளுங்கள்.